ஹவாயில் ஜப்பானியக் கல்லறைக் கல்லைப் படிப்பது எப்படி? கோயில் கல்வெட்டுப் பழகியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானிய மொழி ஒரு சொல்கூடத் தெரியாமலேயே, ஹொனலுலுவில் நிற்கும் நூறு வருடத்துக் கல்லறைக் கல்லில் இறந்த ஆண்டு, வயது, சொந்த மாவட்டம், சமயப் பிரிவு எல்லாவற்றையும் ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். நான் மன்னார்குடிப் பக்கம் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் சுவரில் கல்வெட்டு பார்ப்பது பழைய பழக்கம். மகள் குடும்பம் ஹொனலுலுவில் இருப்பதால் வருடத்தில் சில மாதங்கள் இங்கே. வீட்டில் சும்மா உட்கார முடியாத ஆள் என்பதால், நடந்து போகிற தூரத்தில் இருந்த மோயிலியிலி ஜப்பானியர் கல்லறையில் ஆரம்பித்தேன். உங்களில் பலருக்கும் அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பார்கள். ஹவாய்க்குச் சுற்றுலா வந்தால் வைக்கீக்கிக் கடற்கரையோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள்.

போகும் முன் கொஞ்சம் வரலாறு

முதல் ஜப்பானியக் கூலிகள் 1868-இல் சயோட்டோ என்ற கப்பலில் யோகஹாமாவிலிருந்து வந்தார்கள். ஏறத்தாழ 150 பேர். மெய்ஜி ஆட்சியின் முதல் ஆண்டில் கிளம்பியதால் அவர்களை 'கன்னென்மோனோ' என்கிறார்கள். அவர்களுக்கான நினைவுக்கல் மக்கிக்கி கல்லறையில் இருக்கிறது. அந்தக் கூலிகள் பட்ட பாட்டைப் பார்த்து ஜப்பான் அரசு பல வருடம் ஆள் அனுப்பவில்லை. 1881-இல் ஹவாய் மன்னர் கலாகவா நேரிலேயே ஜப்பான் போய்க் கேட்டார். 1885 பிப்ரவரியில் 'சிட்டி ஆஃப் டோக்கியோ' கப்பல் 900-க்கும் மேற்பட்டவர்களை ஹொனலுலுவில் இறக்கியது. அடுத்த பத்தாண்டுகளில் அரசு ஒப்பந்தத்தின் பேரில் மட்டும் 29,000 பேர் வரை வந்தார்கள். கரும்புத் தோட்டத்தில் மூன்று வருட ஒப்பந்தம். ஆணுக்கு மாதம் 9 டாலர் கூலி, சாப்பாட்டுக்கு 6 டாலர். கழுத்தில் எண் பொறித்த தகடு, 'பாங்கோ' என்பார்கள். சம்பளப் பட்டியலிலும் கடைக் கணக்கிலும் அந்த எண்தான் ஆள்.

இதைப் படிக்கும்போது இலங்கை மலையகமும் மலாயா ரப்பர் தோட்டங்களும் நினைவுக்கு வராமல் இருக்காது. அதற்குள் இப்போது போகவில்லை. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: வாழ்நாளில் எண்ணாக இருந்த ஆளுக்கு, முழுப் பெயரும் முழு முகவரியும் கிடைத்த இடம் இந்தக் கல்தான். அதனால்தான் ஆண்டைக் கண்டுபிடித்ததோடு திரும்பாமல், முகவரி வரை படிக்கச் சொல்கிறேன்.

எடுத்துப் போக வேண்டியவை

ஒரு சிறு முகம் பார்க்கும் கண்ணாடி, மென்மையான தூரிகை, குடிக்கிற தண்ணீர், தொப்பி, கொசுவுக்கு ஏதாவது பூச்சு, பென்சில், கட்டமிட்ட நோட்டு. காலணி மூடியதாக இருக்கட்டும், இங்கே பூரான் உண்டு.

வெளிச்சம்தான் முக்கியம். உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. காலை ஒன்பதுக்குள், அல்லது மாலை நான்குக்கு மேல் போனால் சாய்ந்த வெயிலில் வெட்டின் பள்ளம் தானாக எழுந்து நிற்கும். நிழலில் இருக்கும் கல்லுக்குக் கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்து வெயிலைத் திருப்பி விடுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் செய்கிற மாதிரி சுண்ணாம்பு, விபூதி, மாவு எதையும் தடவக் கூடாது. மைப்படி எடுக்கும் ஆசை வந்தாலும் அடக்கிக்கொள்ளுங்கள். இது குடும்பத்தாருக்குச் சொந்தமான கல். பாசி இருந்தால் வெறும் தண்ணீர் தெளித்து, தூரிகையால் லேசாக ஒரு தடவு. அதற்கு மேல் வேண்டாம்.

முதலில் ஆண்டு

சோழர் கல்வெட்டில் 'ஸ்ரீராஜராஜதேவர்க்கு யாண்டு 25ஆவது' என்று வந்தால் என்ன செய்வோம்? அவர் பட்டமேறிய ஆண்டிலிருந்து எண்ணுவோம். ஜப்பானியக் கல்லிலும் அதே முறை, பேரரசரின் ஆட்சிக்காலப் பெயரும் ஆண்டு எண்ணும். பழைய கற்களில் மூன்றே பெயர்கள்தான் வரும்.

மெய்ஜி என்றால் 1867-ஐக் கூட்டுங்கள். தைஷோ என்றால் 1911. ஷோவா என்றால் 1925. அவ்வளவுதான் கணக்கு.

எந்தப் பெயர் என்று எப்படித் தெரியும்? முதல் எழுத்தைப் பாருங்கள். மெய்ஜியின் முதல் எழுத்தில் இரண்டு பகுதி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்: இடப்பக்கம் நடுவில் ஒரு கோடு போட்ட பெட்டி, வலப்பக்கம் உள்ளே இரண்டு படி வைத்த, அடி திறந்த ஏணி. பெட்டி சூரியன், ஏணி சந்திரன். தைஷோவின் முதல் எழுத்து, கையை நீட்டிக் காலை அகட்டி நிற்கும் ஆள். இதைத் தவறவிடவே முடியாது. ஷோவாவுக்கு இடப்பக்கம் அதே சூரியப் பெட்டி, ஆனால் வலப்பக்கம் ஏணிக்குப் பதில் மேலே ஒரு கொக்கியும் கீழே ஒரு வெறும் பெட்டியும்.

எண்கள் நமக்கு இன்னும் சுலபம். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் அத்தனை படுக்கைக் கோடுகள். பத்து என்பது கூட்டல் குறி. இருபத்து மூன்றை இரண்டு, பத்து, மூன்று என்று அடுக்குவார்கள். பழைய தமிழ் எண்ணில் ௨௰௩ என்று எழுதுவோமே, அதே அமைப்பு. நான்கு, ஒரு பெட்டிக்குள் இரண்டு கால். எட்டு, உச்சியில் சேராத இரண்டு சாய்கோடு. ஆறு, ஒரு புள்ளியும் கோடும் போட்டு அதன் கீழே விரிந்த கால்கள். ஐந்து, ஏழு, ஒன்பது மூன்றையும் முதலிலேயே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். சொல்லி விளக்கினால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரு எச்சரிக்கை: கல்லின் நடுவே கூட்டல் குறியைப் பார்த்ததும் கிறிஸ்தவர் என்று முடிவு கட்டாதீர்கள், அது பத்து. உண்மையான சிலுவை கல்லின் உச்சியில், பெயருக்கு மேல், தனியாக இருக்கும்.

எழுத்து மேலிருந்து கீழ், வரிகள் வலமிருந்து இடம். ஆட்சிப் பெயர், எண், ஆண்டுக் குறி, எண், மாதக் குறி, எண், நாள் குறி என்ற வரிசை. மாதக் குறி அந்த ஏணியேதான், நாள் குறி அந்தப் பெட்டியேதான். ஆக, இரண்டு வடிவம் தெரிந்தால் பாதி வரி புரிந்த மாதிரி. உதாரணத்துக்கு, சூரிய-சந்திர எழுத்துக்குப் பின் நான்கு, பத்து, மூன்று என்று இருந்தால் மெய்ஜி 43, அதாவது 1910. ஜப்பான் 1873 முதல் நாம் பயன்படுத்தும் நாட்காட்டிக்கு மாறிவிட்டதால், ஹவாய்க் கல்லில் மாதம், நாள் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

தேதிகளைக் குறித்துக்கொண்டே போங்கள். தைஷோ 7, 8, 9 என்று நெருக்கமாக வந்தால் 1918-20 இன்ஃபுளுவென்சாவை நினைத்துப் பார்க்கலாம். ஹிலோ ஊரில் ஷோவா 21, 4-ஆம் மாதம், 1-ஆம் நாள் என்று கண்டால் சந்தேகமே வேண்டாம்: 1946 ஏப்ரல் 1 சுனாமி. அன்று ஹிலோவின் ஷின்மாச்சி என்ற ஜப்பானியர் குடியிருப்பே போய்விட்டது.

வயது

தேதிக்குக் கீழோ பக்கத்திலோ வயது இருக்கும். அதிலிருந்து ஒன்றைக் கழியுங்கள், சில சமயம் இரண்டை. பிறந்தவுடன் ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இன்னொன்று என்று எண்ணும் பழைய வழக்கம். டிசம்பரில் பிறந்த குழந்தைக்கு ஜனவரியிலேயே இரண்டு வயது ஆகிவிடும். குழந்தைக் கற்கள் இங்கே நிறைய. உயரம் குறைந்தவை, பெரும்பாலும் ஓரமாக இருக்கும். அவற்றைக் கடக்கும்போது வேகமாக நடக்கத்தான் தோன்றும். இருந்தாலும் நின்று படியுங்கள், அந்தப் பெற்றோர் ஊர் திரும்பாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

முகவரி: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

கல்லின் பக்கச் சுவரில், சில கற்களில் முகப்பிலேயே, பிறந்த ஊர் இருக்கும். பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும் வரிசை: 'கென்' மாவட்டம், 'குன்' வட்டம், 'முரா' கிராமம். நம் கல்வெட்டில் மண்டலம், வளநாடு, கூற்றம், ஊர் என்று இறங்குவது எப்படியோ அப்படி. சில கல்லில் வீட்டு எண்கூட உண்டு.

மாவட்டங்களில் எளிதானது யமகுச்சி. மூன்று முனை உள்ள மலை எழுத்து, அதன் கீழே ஒரு வெறும் சதுரம். இதை ஒரு தடவை பார்த்துவிட்டால் கல்லறை முழுக்க அதுதான் கண்ணில் படும். காரணம், அரசு ஒப்பந்தக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஹிரோஷிமா, யமகுச்சி இரண்டு மாவட்டத்துக்காரர்கள். அடுத்து குமமோட்டோ, ஃபுக்குவோக்கா. ஜப்பானின் வெளியுறவு அமைச்சராக இருந்த இனோவே கவோரு யமகுச்சிக்காரர். ஆள் சேர்த்த ராபர்ட் இர்வினுக்கு அவர் நெருங்கிய நண்பர். எங்கே ஆள் எடுக்கலாம் என்ற யோசனை அங்கிருந்துதான் வந்தது. யமகுச்சியைச் சேர்ந்த சுவோ-ஓஷிமா என்ற தீவிலிருந்து முதல் கப்பலிலேயே பலர் கிளம்பினார்கள். அந்தத் தீவில் இன்று ஹவாய்க் குடியேறிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

இப்போது உங்கள் நோட்டைப் பாருங்கள். மாவட்டம், வட்டம், கிராமம் எல்லாம் நிறைய எழுதியிருப்பீர்கள். 'ஜப்பான்' என்று எத்தனை கல்லில் பார்த்தீர்கள்? நான் பார்த்த பழைய கற்களில் அது அபூர்வம். கப்பல் ஏறியபோது அவர்கள் ஹிரோஷிமாக்காரர், குமமோட்டோக்காரர். ஒருவர் பேச்சு வழக்கு மற்றவருக்குச் சிரிப்பு. எல்லாரையும் சேர்த்து 'ஜாப்' (Jap) என்று ஏளனமாகக் கூப்பிட்டது தோட்டத்து மேஸ்திரி. அதற்குப் பதிலாக 'நாம் ஜப்பானியர்' என்று சேர்ந்து நின்றது வேலைநிறுத்தங்களில். 1909-இல் ஓவாஹு தீவில் சுமார் 7,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். ஆனால் சாகும்போது மறுபடி ஊர்ப்பெயர்தான். மாவட்டச் சங்கங்கள் இன்றும் ஹொனலுலுவில் நடக்கின்றன. கென்ஜின்காய் என்று பெயர். நம்மவர்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் முதலில் ஊர்ச் சங்கம் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஒக்கினாவா கற்களைத் தனியாகக் கவனியுங்கள். அங்கிருந்து முதல் 26 பேர் வந்தது 1900 ஜனவரியில், தோயாமா கியூசோ என்பவரின் முயற்சியால். மற்ற ஜப்பானியர்களே அவர்களைத் தாழ்வாக நடத்தினார்கள். மொழி வேறு, பன்றி வளர்க்கிறார்கள் என்று ஏளனம். ஹிகா, ஓஷிரோ, கனெஷிரோ, ஷிமபுக்குரோ போன்ற குடும்பப் பெயர்களை ஆங்கில எழுத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

சமயப் பெயர்

முகப்பின் நடுவே பெரிதாக இருப்பது எப்போதும் ஆளின் பெயர் என்று நினைக்காதீர்கள். பல கற்களில் ஆறு எழுத்து ஒரே தூணாக இறங்கும். அது 'நமு அமிதா புத்சு', அமிதாப புத்தருக்கு வணக்கம். ஹிரோஷிமா மண் ஜோதோ ஷின்ஷூ பிரிவின் கோட்டை. அங்கிருந்து வந்தவர்கள் அதிகம் என்பதால் ஹவாயிலும் ஹொங்வாஞ்சிக் கோயில்களே பெரிதாக வளர்ந்தன. அந்தப் பிரிவில் இறந்தவருக்குப் புத்தரின் சீடர் என்ற முறையில் ஒரு புதுப் பெயர் உண்டு. அது 'ஷாக்கு' என்ற எழுத்தில் தொடங்கும், சாக்கியர் என்பதன் சுருக்கம். மற்ற பிரிவுகளில் பெயருக்குப் பின்னால் ஆணுக்கு 'ஷின்ஜி', பெண்ணுக்கு 'ஷின்ன்யோ' வரும். அந்தப் பெண் எழுத்து, காலை மடித்துக் குறுக்காக வைத்து உட்கார்ந்த உருவம் போல் தெரியும். நோட்டில் அந்த ஒரு வடிவத்தையும் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்களின் கற்களை இப்படிப் பிரித்துவிடலாம். அவர்களில் பலர் 1908-க்குப் பிறகு வந்தவர்கள். அந்த ஆண்டுவாக்கில் கூலியாட்கள் வரவு தடைபட்டது. குடும்பத்தார் வரலாம் என்ற வழி மட்டும் திறந்திருந்தது. புகைப்படம் பார்த்துக் கல்யாணம் பேசி, ஆயிரக்கணக்கான பெண்கள் கப்பல் ஏறினார்கள். 1924-இன் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் அதையும் மூடியது. ஆனால் அதற்குள் தோட்டத்து லைன்களில் குடும்பம் வந்துவிட்டது, பள்ளிக்கூடம் வந்துவிட்டது. 1920 கணக்கெடுப்பில் ஹவாய் மக்கள்தொகையில் நூற்றுக்கு 43 பேர் ஜப்பானியர்.

கல்லறை முடித்துவிட்டு ஹொங்வாஞ்சி தலைமைக் கோயிலையும் பார்த்துவிடுங்கள். 1918-இல் கட்டியது. ஜப்பானியக் கூரையை எதிர்பார்த்துப் போனால் இந்தியச் சாயல் குவிமாடங்கள் நிற்கும். உள்ளே தரையில் பாய் கிடையாது, தேவாலயம் மாதிரி மரப் பெஞ்சு. தலைமைப் பிக்கு இமாமுரா, இந்த நாட்டில் வேரூன்ற வேண்டுமென்றால் இங்கத்திய வடிவம் வேண்டும் என்று நினைத்தவர். கிறிஸ்தவர்கள் அதற்கு நேர் எதிர்: ஒக்குமுரா தாக்கியே நிறுவிய மக்கிக்கி கிறிஸ்தவ தேவாலயம், அவருடைய சொந்த ஊரான கோச்சியின் கோட்டை வடிவத்தில் 1932-இல் எழுந்தது. புத்தர் கோயிலில் பெஞ்சு, இயேசு கோயிலுக்குக் கோட்டைக் கூரை. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் நான் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட நன்றாகப் புரியும். பக்கத்து ஃபாஸ்டர் தாவரவியல் பூங்காவில் அநுராதபுரத்திலிருந்து வந்த போதிமரம் இருக்கிறது. இலங்கைப் பௌத்தத் தலைவர் அநாகரிக தர்மபாலாவின் அன்பளிப்பு. நிழலில் உட்கார நல்ல இடம்.

கல் என்ன கல், யார் நட்டது

மெருகேற்றிய கருங்கல் என்றால் வசதி வந்த பிறகு வைத்தது, அல்லது பிள்ளைகள் மாற்றி வைத்தது. தோட்டத்துப் பக்கம் உள்ள கல்லறைகளில் அப்படியே பொறுக்கி நட்ட எரிமலைக் கல் இருக்கும். சிமெண்டை ஊற்றி, ஈரம் காயும் முன் ஆணியாலோ குச்சியாலோ எழுதியதும் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தவை இந்தச் சிமெண்டுக் கற்கள்தான். கல்தச்சன் கை இல்லை, சக கூலியின் கையெழுத்து. மாவி தீவில் பையா ஊரில் மன்தோக்குஜி கோயிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்தபடி கற்கள் நிற்கின்றன. அங்கே ஒரு மாலை போய்ப் பாருங்கள்.

கல்லின் பின்புறத்தையும் விடாதீர்கள். நட்டவர் பெயர் அங்கேதான். மனைவி, மகன் என்றால் சரி. வேறு குடும்பப் பெயர்கள் வரிசையாக இருந்தால், பெரும்பாலும் ஊர்க்காரர்களோ கூட வேலை செய்தவர்களோ காசு போட்டு வைத்த கல். தனி ஆளாக வந்து, சம்பாதித்துத் திரும்பும் எண்ணத்தில் இருந்து, திரும்பாமல் போனவர். பின்னால் வரும் தைஷோ, ஷோவா காலத்தில் தனிப் பெயர் குறைந்து 'இன்ன குடும்பத்தின் கல்லறை' என்று ஒரே கல் வருவதைக் கவனிப்பீர்கள். எல்லார் சாம்பலும் அதன் அடியில். ஊர் திரும்பும் எண்ணத்தை விட்டுவிட்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் எனக்குத் தெரியவில்லை.

இத்தனைக்கும் அவர்களால் குடிமக்கள் ஆக முடியாது. ஹொனலுலுவில் வாழ்ந்த ஒசாவா தக்கவோ, வீட்டில் ஆங்கிலம் பேசி, பிள்ளைகளை அமெரிக்கப் பள்ளியில் படிக்கவைத்து, குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1922-இல், நீங்கள் வெள்ளையர் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முதல் தலைமுறைக்கு அந்தக் கதவு திறந்தது 1952-இல். அதற்குள் பலர் இங்கே கல்லுக்கடியில்.

எழுத்து மாறும் இடம்

வரிசையில் நடக்கும்போது ஓரிடத்தில் ஆங்கில எழுத்து தொடங்கும். அதன் ஆண்டைக் குறியுங்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய பின் ஹவாயில் ஜப்பானிய மொழிப் பள்ளிகளை மூடினார்கள், ஷிந்தோ ஆலயங்களைப் பறிமுதல் செய்தார்கள், பிக்குகளைப் பிடித்து முகாமில் வைத்தார்கள். வீடுகளில் கடிதம், புகைப்படம், பேரரசர் படம் எல்லாவற்றையும் எரித்தார்கள் அல்லது புதைத்தார்கள். கல்லை எங்கே ஒளிப்பது? அது நின்றது. ஆனால் போருக்குப் பின் வைத்த கற்களில் முதற்பெயர் ஆங்கிலப் பெயர், குடும்பப் பெயர் மட்டும் ஜப்பானிய எழுத்தில், உச்சியில் வட்டத்துக்குள் குடும்பச் சின்னம் என்று ஒரு கலவை நிலைபெற்றது. பேரன் காலத்தில் அந்த எழுத்தும் போய்ச் சின்னம் மட்டும் மிஞ்சும்.

இதன் மறுமுனையைப் பார்க்க பஞ்ச்போல் தேசியக் கல்லறைக்குப் போக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவுக்காகப் போரிட்ட ஜப்பானிய அமெரிக்கர் படைகளான 442-ஆம் படைப்பிரிவு, 100-ஆம் பட்டாலியன் வீரர்கள் அங்கே இருக்கிறார்கள். எல்லாம் தரையோடு பதித்த ஒரே அளவுக் கல், அரசு வாசகம். ஊர் இல்லை, கிராமம் இல்லை. சிலவற்றில் சிலுவைக்குப் பதில் தர்மச் சக்கரம் இருக்கும், அதைத் தேடுங்கள்.

நடந்துகொள்ளும் முறை

கல்மேல் உட்காராதீர்கள், கல்மேடையை மிதிக்காதீர்கள். வைத்திருக்கும் பூ, சாக்கே என்ற அரிசி மது, பீர் எதையும் நகர்த்தாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில், முன்னோரை நினைக்கும் ஓபோன் சமயத்தில் குடும்பங்கள் வந்து கழுவிப் பூ வைப்பார்கள். அப்போது நோட்டை மூடிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். அவர்களே பேச்சுக் கொடுத்தால் பேசுங்கள். வயதானவர்கள் பலருக்குத் தாத்தா கல்லின் எழுத்தே படிக்கத் தெரியாது, உங்களிடம் கேட்பார்கள். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். அண்மையில் வைத்த கல்லைப் படமெடுக்க வேண்டாம். ஆதரவற்றோருக்கான பொதுக் கல் பல இடங்களில் உண்டு, அங்கே ஒரு பூ வைத்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் ஹவாய் வரை வர வேண்டியதில்லை. ஹவ்காங் அருகே சுவான் ஹோ அவென்யூவில் ஜப்பானியர் கல்லறைப் பூங்கா இருக்கிறது. 900-க்கும் மேற்பட்ட கற்கள். அங்குள்ள சின்னஞ்சிறு கற்களில் பல, வறுமையால் பாலியல் தொழிலுக்கு விற்கப்பட்டு வந்த இளம்பெண்களுடையவை. எண் படிக்கப் பழகுவதற்கு ஆண்டும் வயதும் அங்கேயும் இதே முறைதான்.

வீட்டுக்கு வந்ததும் படங்களை மொழிபெயர்ப்புச் செயலியில் போடுவீர்கள். போடுங்கள், ஆனால் நம்பாதீர்கள். மாவட்டம், ஹிரோஷிமா போன்ற சொற்களே பழைய எழுத்து வடிவில் வெட்டப்பட்டிருக்கும், செயலி தடுமாறும். மோயிலியிலியிலேயே ஹவாய் ஜப்பானியக் கலாச்சார மையம் இருக்கிறது, அதன் நூலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். கிராமத்தின் பெயர் இன்றைய வரைபடத்தில் இல்லாமல் போகலாம். ஊர்களை இணைத்து இணைத்து ஜப்பானில் பழைய 'முரா' பெரும்பாலானவை மறைந்துவிட்டன. அதனால் கல்லில் கண்டதைக் கண்டபடி, பழைய பெயராகவே எழுதி வையுங்கள். இன்றைய நகரத்தின் பெயரைத் தனியாக, நோட்டில் பக்கத்துக் கட்டத்தில் எழுதுங்கள்.